ஒன்றரைக் கிலோ ஏறியதும் தூக்கம் போய்விட்டது

வாசகர்களின் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: அன்புள்ள மேடம், எனக்கு வயது 41. எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 17 மாதம் ஆகிறது. ஆபரேஷன் அன்று 118 கிலோ. படிப்படியாக இறங்கி மூன்று மாதத்துக்கு முன்னால் 82-ஐத் தொட்டது, அன்றைக்கு மெஷின் மேலேயே நின்று அழுதேன். இப்போது 83.6. இந்த ஒன்றரைக் கிலோதான் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை எடை பார்க்கிறேன், பாத்ரூம் போய்விட்டு வந்தால் பார்க்கிறேன், தண்ணீர் குடித்தால் பார்க்கிறேன். இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் பதினொரு மணிக்கு மேல் சமையலறையில் போய் நின்றுகொண்டு பிஸ்கட், சிப்ஸ் என்று கையில் கிடைத்ததைச் சாப்பிடுகிறேன், அப்புறம் அதற்கும் சேர்த்து அழுகிறேன். இதற்கு முன்னால் டயட் இருந்து இரண்டு தடவை 20 கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறேன், இரண்டு தடவையும் எல்லாம் திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் அதிகமாகவும். பழைய உடைகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடக் கை வரவில்லை. முன்பு ஆறு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், இப்போது அதைவிடக் கூடுதலாக இறங்குகிறது, பசியும் எடுக்கிறது. வயிற்றை நானே பெரிதாக்கிவிட்டேனா? வயிற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஐந்து நாள் வெறும் திரவ உணவு இருந்தால் போதும் என்கிறார்களே, செய்யலாமா? உடம்பை வெட்டிக்கொண்டும் தோற்றுப்போனால் எனக்கு இனி வேறு வழியே கிடையாது, மேடம்.

பதில்: அன்புத் தோழிக்கு, டயட் இருந்து இரண்டு தடவை இறக்கியது இரண்டு தடவையும் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சூடு கண்ட பூனை மாதிரிதான் நீங்கள் இப்போது மெஷினைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று யாராவது உங்களுக்கு விளக்கிச் சொன்னார்களா? சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும்போது உடம்பு அதைப் பஞ்ச காலம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்கிற ஹார்மோன்கள் குறையும். ஆஸ்திரேலியாவில் இப்படி டயட்டில் எடை குறைத்தவர்களைப் பின்தொடர்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. அதாவது அந்த இரண்டு தடவையும் நீங்கள் பசியோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அதற்கு மன உறுதி இல்லாதவள் என்று ஒரு பட்டமும் சுமந்திருக்கிறீர்கள், அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தடவை கதை வேறு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், கிரெலின் அதிகமாகச் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. சாப்பிட்ட பிறகு போதும் என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன்கள் முன்பைவிட அதிகமாகச் சுரக்கின்றன. உங்கள் உடம்பு இந்தத் தடவை பெருமளவு உங்கள் பக்கம் நிற்கிறது. பெருமளவு என்றுதான் சொல்கிறேன், முழுக்க என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஏனென்றால் ஆபரேஷன் செய்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் எடை ஆகக் குறைந்த இடத்தைத் தொட்டு, அப்புறம் கொஞ்சம் மேலே வந்துதான் நிற்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், பல பேருக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்துப் பல வருடங்கள் நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாகப் பிரித்து நேராகக் குடலோடு இணைக்கிற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன், செய்துகொண்டவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தது, பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அது 25 சதவீதமாக இருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், இதுவும் பைபாஸ் செய்தவர்களை, 12 வருடம் பின்தொடர்ந்தார்கள். இரண்டாவது வருடத்தில் சராசரியாக 45 கிலோ இறங்கியிருந்தது, ஆறாவது வருடத்தில் 36 கிலோ, பன்னிரண்டாவது வருடத்தில் 35 கிலோ. கடைசி இரண்டு எண்களை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள், ஆறு வருடத்தில் வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம். ஏறிக்கொண்டே போய்ப் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்றுதானே ராத்திரியில் மனசு படம் ஓட்டுகிறது? சராசரியாக அப்படி நடக்கவில்லை, கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டது. ஸ்லீவில் பைபாஸைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற வாய்ப்பு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சராசரி என்பதால் அதைவிட நன்றாக இருந்தவர்களும் உண்டு, அதிகம் ஏறியவர்களும் உண்டு.

சரி, உங்கள் 83.6-க்கு வருவோம். உப்பு கொஞ்சம் கூடினால், மாதவிலக்கு நெருங்கினால், இரண்டு நாள் மலம் சரியாகப் போகாவிட்டால், எல்லோருக்குமே ஒன்றிலிருந்து இரண்டு கிலோ மேலே கீழே போகும். அது பெரும்பாலும் நீர், கொழுப்பு கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை மெஷினில் ஏறினால் நீங்கள் அளப்பது அந்த நீரைத்தான், அதைப் பார்த்து எடுக்கிற முடிவு எதுவும் சரியாக வராது. வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும், ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்ற நாட்களில் மெஷினை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள், நான் உண்மையாகவே சொல்கிறேன், அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 82 என்பதை இனி வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். தொட்டதிலேயே குறைந்த எடை ரொம்பப் பேருக்கு நிலைத்து நிற்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்வது இதுதான்: குறைந்த எடையிலிருந்து நான்கு கிலோ கூடி, அது தொடர்ந்து நான்கு வாரம் அப்படியே நின்றால் எனக்கு போன் செய்ய வேண்டும். உங்களுக்கு அது மூன்றா ஐந்தா என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வரை எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது உங்கள் வேலை இல்லை. அதைத் தாண்டினாலும் அழ வேண்டியதில்லை, போன் செய்தால் போதும். பயத்துக்கு எல்லை இல்லாததால்தான் அது ராத்திரி பகல் என்று பார்க்காமல் வருகிறது, ஒரு எல்லையை நாமே வைத்துவிட்டால் கொஞ்சம் அடங்குவதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

பசி வருகிறது, கூடுதலாகச் சாப்பிட முடிகிறது என்கிறீர்கள். ஒரு வருடம் தாண்டியதும் இது வரும், வர வேண்டும். ஆபரேஷன் முடிந்த புதிதில் வீக்கமும் ரணமும் இருந்ததால்தான் ஆறு வாயிலேயே நின்றது, அந்த நிலையிலேயே யாரும் வருடக்கணக்கில் வாழ முடியாது. இரைப்பை காலப்போக்கில் கொஞ்சம் இளகிக்கொடுப்பதும் எதிர்பார்த்ததே. ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டதால் அது நிரந்தரமாக விரிந்துவிடாது. அதனால் அந்த ஐந்து நாள் திரவ உணவு விஷயத்தை மறந்துவிடுங்கள். இளகிக்கொடுத்த இரைப்பையை எந்தத் திரவமும் சுருக்காது. ஐந்து நாளில் இறங்குவது பெரும்பாலும் நீர், ஆறாவது நாள் வருகிற பசி உங்களை மறுபடியும் பதினொரு மணிக்குச் சமையலறையில் கொண்டுபோய் நிறுத்தும்.

அந்தப் பதினொரு மணிதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது. எடை ஏறுவது பெரும்பாலும் வயிறு நிறையச் சாப்பிடுவதால் இல்லை, கொறிப்பதால். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், இனிப்பான ஜூஸ் எல்லாம் வாயிலேயே கரைந்து சின்ன வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நிறைந்த உணர்வே தராது. ஒரு முட்டையும் மீன் துண்டும் செய்கிற காவலை அவை செய்யாது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தியதால்தான் அந்தக் கொறிப்பு வந்திருக்கிறது, காரணம் உங்கள் பலவீனம் கிடையாது. இன்றைக்கே ராத்திரி சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பியுங்கள். தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய்கறி, கடைசியில் இடம் இருந்தால் மாவுச்சத்து. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும், அது குறைந்தால் உடம்பு தசையைக் கரைக்கும், தசை கரைந்தால் சும்மா இருக்கும்போது செலவாகிற சக்தியும் குறையும், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதற்கு நீங்களே வழி விடுகிற மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்காதீர்கள், முடித்து அரை மணி நேரம் ஆகட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குகிற பயிற்சி, அது தண்ணீர் நிரப்பிய பாட்டிலாக இருந்தாலும் சரி. நடைப்பயிற்சி மட்டும் போதாது என்று சொல்ல எனக்கே தயக்கம்தான், ஆனால் போதாது. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை எடை நன்றாக இறங்கிவிட்டது என்று நிறுத்தியிருந்தால் இன்றே திரும்ப எடுங்கள், அவை ஆயுளுக்கும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டதை நீங்களாகவே வாந்தி எடுக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் செய்த உடம்பில் வாந்தி தொடர்ந்தால் தயமின் என்ற வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். வாந்தி இல்லை என்றாலும் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வேன். 34 கிலோவுக்கு மேல் போய்விட்டது, ஆனால் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிவது இன்னமும் பழைய ஆள்தான் என்று நினைக்கிறேன், பெட்டியும் அதனால்தான் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இது ரொம்ப சகஜம், கண் உடம்போடு சேர்ந்து இளைப்பதில்லை, அதற்கு நாள் பிடிக்கும். பெட்டியை இன்றைக்கே தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். படுக்கிற இடத்திலிருந்து மட்டும் வேறு அறைக்கு மாற்றுங்கள்.

வேறு வழியே கிடையாது என்று முடித்திருக்கிறீர்கள். வழி இருக்கிறது, கீழே மூன்றாவது கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

கேள்வி: என் மனைவி ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. நன்றாகக் குறைந்திருக்கிறாள். திரும்ப ஏறிவிடுமோ என்று அவளைவிட எனக்குத்தான் பயம். அவள் ஸ்வீட்டில் கை வைத்தால், "இது வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன். உடனே சண்டை. நான் நல்லதுக்குத்தானே சொல்கிறேன்?

பதில்: நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள், ஆனால் நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு கேள்வி அவர் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? சின்ன வயதிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவரைப் பார்த்துச் சொந்தமும் நட்பும் கேட்ட கேள்வியின் இன்னொரு பதிப்பு அது. நீங்கள் பார்க்கும்போது சாப்பிடாமல் விட்டால், பார்க்காதபோது சாப்பிடுவார், மறைத்துச் சாப்பிடுவது ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் சரி செய்வது கஷ்டம். செய்ய வேண்டியது வேறு இருக்கிறது: வீட்டுக்குள் வருகிற பாக்கெட்டுகளைக் குறையுங்கள், நீங்களும் சேர்த்துத்தான். ஃபாலோ அப்புக்குக் கூடவே போங்கள், அங்கே அவர் சார்பில் பேசாமல் உட்காருங்கள். பயம் உங்களுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், "எனக்குப் பயமா இருக்கு" என்று. "இது வேணுமா"வை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: வணக்கம் மேடம், 52 வயது ஆண் நான். ஆறு வருடத்துக்கு முன்னால் பைபாஸ் வகை எடைக் குறைப்பு ஆபரேஷன். 50 கிலோ குறைந்தது, சர்க்கரை மாத்திரை நின்றது. கடந்த இரண்டு வருடத்தில் 14 கிலோ ஏறிவிட்டது. மூட்டு வலிக்கு அப்போதிருந்து ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன், வலி தாங்காதபோது மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். ஆபரேஷன் செய்த டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று வருடமாகப் போகவில்லை.

பதில்: நண்பரே, முதலில் அந்த டாக்டரைப் பற்றி. பல வருடங்களுக்கு முன்னால், நான் புதிதாக வேலைக்கு வந்திருந்த சமயத்தில், நான்கு கிலோ ஏறிவந்த ஒரு பெண்ணிடம் "இவ்வளவு கஷ்டப்பட்டு ஆபரேஷன் பண்ணி இப்படியா?" என்று கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனவர் இரண்டு வருடம் வரவில்லை. திரும்பி வந்தபோது பதினெட்டு கிலோ ஏறியிருந்தது, அதைவிட மோசமாக ரத்தத்தில் இரும்பும் பி12 வைட்டமினும் தரையைத் தொட்டிருந்தன. அவர் வராததற்குக் காரணம் நான். அன்றிலிருந்து ஏறிவருகிற யாரையும் நான் கேள்வி கேட்பதில்லை, வந்ததற்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். உங்கள் டாக்டர் முகம் சுளித்தால் அது அவர் தப்பு, உங்கள் தப்பு கிடையாது, வேறு டாக்டரிடம் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள். உடல் பருமன் நாள்பட்ட நோய். ரத்த அழுத்தம் ஏறினால் வெட்கப்பட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்போமா?

எடை ஏறிய இரண்டு வருடமும் ஸ்டீராய்டு எடுத்த இரண்டு வருடமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? ஸ்டீராய்டு பசியையும் எடையையும் ஏற்றும், ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். அதற்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்துவது ஆபத்து, எழுதிக்கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள். சில மனநல மாத்திரைகள், இன்சுலின் போன்றவையும் எடையை ஏற்றக்கூடியவை என்பதால், புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தாலும் அதோடு சேர்த்து எடையையும் கவனிக்க வேண்டும், இது மற்ற வாசகர்களுக்கும்தான்.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் போகிற தயக்கம் கொஞ்சம் குறையும். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் அளவுகள் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து, சின்ன இரைப்பையும் குடலும் சேருகிற வாய் அகன்றிருக்கிறதா, சின்ன இரைப்பைக்கும் ஒதுக்கி வைத்த பழைய இரைப்பைக்கும் நடுவில் வழி எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாய் அகன்றிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே தையல் போட்டுக் குறுக்க முடியும். லிராகுளுடைட், செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற, பசியைக் குறைக்கிற ஊசி மருந்துகள் இருக்கின்றன, ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் இவற்றைக் கொடுக்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அதைப் பைபாஸாக மாற்றுகிற ஆபரேஷனும் உண்டு. முதல் கடிதம் எழுதிய தோழிக்கு நான் சொன்ன வழிகள் இவைதான். எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் ஆபரேஷனோடு கதவு மூடிவிடுவதில்லை.

கணக்கையும் ஒருமுறை பாருங்கள், 50-ல் 14 போனால் இன்னும் 36 கிலோ உங்கள் உடம்பில் இல்லை. ஆறு வருடமாக முழங்கால் அந்தச் சுமையைத் தூக்கவில்லை, இதயம் அதற்காக உழைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் காத்திருக்க முடியாது. மருந்துக் கடையில் வாங்குகிற அந்த வலி மாத்திரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையும் குடலும் சேருகிற அந்த இடத்தில் அது புண்ணை உண்டாக்கும், ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் மோசம், ரத்தக் கசிவு வரை போகலாம். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள், சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, மேல்வயிறு வலித்தாலோ அப்பாயின்ட்மென்டுக்காக நிற்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். கிளம்பும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.